திரையில் கண்டதற்கு ஒரு சாட்சி



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்கும் பழகிப்போன துன்பம் ஒன்று உண்டு. இரவில் கணிப்பொறியின் முன் அமர்ந்து மின்கட்டணம் செலுத்துகிறோம். அல்லது பொங்கலுக்கு ஊர் செல்ல ரயிலில் இடம் பதிவு செய்கிறோம். பணம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. ஆனால் திரையில், நமக்கு முழுதும் விளங்காத மொழியில், சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்புத் தோன்றி மறைகிறது. மறுநாள் அந்த மாநிலத்து நண்பரிடம், "ஏதோ வந்தது, ஏதோ சொல்லிற்று" என்கிறோம். அந்த "ஏதோ"வை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு தில்லியில் பல்லாண்டு கழித்த நாம் கற்ற பாடம் இதுதான்: புரியாததை நம் சொல்லில் திருப்பிச் சொல்ல முயலக் கூடாது, கண்டதைக் கண்டவாறே காட்ட வேண்டும். அதற்கு உதவும் விசை ஒன்று, கணிப்பொறியின் விசைப்பலகையில், பெரும்பாலும் வலப்புற மேல் வரிசையில் இருக்கிறது. அதன் பெயர் 'பிரிண்ட் ஸ்கிரீன்'. 1981-இல் வெளியான ஐ.பி.எம். கணிப்பொறியில் அது பெயருக்கேற்பத் திரையில் உள்ள எழுத்துகளை அச்சுப்பொறிக்கு அனுப்பியது. பின்னாளில் விண்டோஸ் முறையில் அதன் தொழில் மாறிற்று. திரையின் படத்தை அது 'கிளிப்போர்டு' எனப்படும் நினைவிடத்தில் வைக்கிறது. காகிதம் வேண்டியதில்லை; கோப்பும் வேண்டியதில்லை. கடிதத்தில் இடம் காட்டி, கண்ட்ரோல் விசையுடன் 'வி' விசையை அழுத்தினால், படம் அங்கே வந்து அமர்கிறது.

முழுத் திரையும் தேவையில்லை, நாம் பணிசெய்யும் சாளரம் மட்டும் போதும் என்றால், 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தலாம். ஒரு மூலை மட்டும் போதும் என்றால், விண்டோஸ், ஷிஃப்ட், 'எஸ்' ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரை சற்று மங்கும். வேண்டிய பகுதியைச் சுட்டியால் வளைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் பிரிண்ட் ஸ்கிரீன் ஒன்றை அழுத்தினாலே இவ்வசதி திறப்பதுண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் வைத்திருப்போர் கண்ட்ரோல், ஷிஃப்ட், கமாண்ட் மூன்றுடன் 4 என்னும் விசையை அழுத்தினால் அதே பயன் கிட்டும்.

பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ்ப் பக்கங்களை எழுத்தாகப் படியெடுத்தால், வேறு கணிப்பொறியில் அவை பொருளற்ற குறிகளாக மாறுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். படமாக எடுத்தால் 'ழ'கரம் 'ழ'கரமாகவே நிற்கும்.

கிளிப்போர்டு பொதுவாக ஒரு பொருளையே ஏந்தும் கை போன்றது. அடுத்ததை எடுத்தால் முன்னது போய்விடும். கணிப்பொறியை அணைத்தாலும் போய்விடும். ஆகவே எடுத்தவுடன் ஒட்டிவிடுதல் நன்று. விண்டோஸ் விசையுடன் 'வி' விசையை அழுத்தி, அங்கே கேட்கும் அனுமதியைத் தந்துவிட்டால், அதன் பின் எடுப்பவற்றில் கடைசி 25 வரை நினைவில் நிற்கும். 2018 முதல் இவ்வசதி உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருமுறை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு, முழுத் திரையின் படத்தையும் உடன் பணிபுரிவோர் பலருக்கு அனுப்பிவிட்டோம். தங்கையின் திருமணத்திற்காக வாங்கிய கடனைப் பற்றிய கடிதம் ஓரத்தில் திறந்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. சொல்லுக்கு விடை வந்தது. கடிதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் நம்மைப் பல நாள் வாட்டிற்று. கடனேயன்றி, கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ அங்கிருந்திருந்தால் இழப்பு வேறு வகையாகியிருக்கும். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது இதற்காகத்தான். பொதுக் கணிப்பொறியில் படம் எடுத்தவர், எழுந்து வருமுன் வேறு ஏதேனும் ஒரு சொல்லைப் படியெடுத்துக் கிளிப்போர்டை மாற்றிவிட வேண்டும். விண்டோஸ் 11-இல் வெட்டிய படம் தானாகவே கோப்பாகவும் சேமிக்கப்படுவதுண்டு. அதையும் தேடி நீக்குதல் வேண்டும்.

நல்ல சாட்சி கண்டதை மாற்றாமல் சொல்வான், கேளாததைச் சொல்லமாட்டான். நாம் எடுக்கும் படமும் அவ்வாறே இருக்கட்டும். மொழி தெரியாத ஊரில் வாழ்வோருக்கு இச்சிறு பழக்கம் பெரிய துணை. அவசரம் வருமுன், இன்றிரவே ஒருமுறை அவ்விசையை அழுத்திப் பார்த்துக்கொள்வோமாக.