பத்து வெள்ளிக்கு ரசீது இருந்தது

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்திருக்கும் என் சொந்தங்களே!

நான் ஒரு கோபத்தோடு வந்திருக்கிறேன். அதைக் கொட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன்.

2010 ஞாபகம் இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் உலகக் கிண்ணக் காற்பந்து. அங்கே பந்து உருளும் முன்பே இங்கே மலேசியாவில் ஒரு லைசென்ஸ் பேச்சு. அஸ்கோட் ஸ்போர்ட்ஸ் என்ற கம்பெனிக்கு விளையாட்டுப் பந்தய அனுமதி! அதில் 70 விழுக்காட்டை 525 மில்லியன் வெள்ளிக்கு வாங்கப்போவதாக பெர்ஜாயா அறிவித்தது. எங்கே அறிவித்தது? பங்குச் சந்தையில்! நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்றத்துக்கு முன்னால் பங்கு வாங்குகிறவனுக்குச் சேதி போகிறது, ஐயா!

சட்டப்படி இந்த லைசென்ஸ் நிதியமைச்சர் கையில். அன்றைக்குப் பிரதமர் யார்? நஜிப். நிதியமைச்சர் யார்? அவரேதான். கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் கதவைத் தட்டுவது யார்?

நாம் தட்டினோம்! பள்ளிவாசலில் பேசினார்கள், கோயிலில் பேசினார்கள். பினாங்கு அரசு, எங்கள் மாநிலத்தில் கடை போட விடமாட்டோம் என்றது. ஜூன் கடைசியில் லைசென்ஸ் இல்லை என்று அரசாங்கம் இறங்கி வந்தது. கை தட்டுங்கள், அது உங்கள் வேலை!

கணக்குக் காட்டிய பணம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இந்த மண்டப வாசலுக்கு வெளியே போகிற சாலைக்கு யார் பெயர்? துன் சம்பந்தன். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றான், நம் சனம் நடுத்தெருவுக்கு வந்தது. 1960இல் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்து கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கின!

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சம்பள நாளில் கள்ளுக்கடைக்காரன் வருமுன் இவர் ஆபீஸ் வாசலில் நிற்பார். கையில் சங்கத்தின் ரசீதுப் புத்தகம். மழை பெய்தால் சட்டையைக் கழற்றிப் புத்தகத்துக்குப் போர்த்துவார். ஒருமுறை கணக்கில் ஒரு வெள்ளி உதைத்தது. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டுத்தான் காலையில் பால் வெட்டப் போனார். ஒரு வெள்ளிக்கு, ஐயா!

இன்றைக்கு நம் பிள்ளை கைப்பேசியில் அதே பத்து வெள்ளியைப் பந்தயத்தில் போடுகிறான். கடை எங்கே? கடல் தாண்டி. முதலாளி யார்? தெரியாது. ரசீது? கிடையாது. சட்டம் கேட்குமா என்றால், நம் பந்தயச் சட்டம் 1953இல் எழுதியது. கைப்பேசியைக் கனவிலும் காணாத சட்டம்!

லைசென்ஸ் கொடுத்தால் கள்ளப் பந்தயம் ஒழியும், வரி வரும் என்று சில பேர் சொல்கிறார்கள். பிலிப்பைன்ஸில் அதைத்தான் செய்தார்கள். 2016இலிருந்து வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான ஆன்லைன் கம்பெனிகளுக்கு லைசென்ஸ். மோசடி, ஆள் கடத்தல் எல்லாம் கூடவே வந்து இறங்கியது. 2024 ஜூலையில் அதிபர் மார்கோஸ் அத்தனையையும் மூடச் சொன்னார்.

அந்தச் சில பேரை எனக்குத் தெரியும்! தேர்தல் வந்தால் சூது ஒழிக. விருந்து வந்தால் சூதாட்டக்காரன் பக்கத்து நாற்காலி. சூதுக் கடனுக்காக வட்டிக்காரன் ஆலோங் கதவில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போன வீட்டுக்கு ஒருநாள் வந்தார்களா? அந்த வீட்டுத் தாயின் முகத்தைப் பார்த்தார்களா? அந்தச் சில பேர் நினைப்பு வந்தால் வயிறு எரிகிறது.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? டோட்டோ லாட்டரியை 1969இல் அரசாங்கம்தான் ஆரம்பித்தது. 1985இல் திறந்த டெண்டர் இல்லாமலே தனியார் கைக்குப் போனது. அப்போது நாம் கேட்கவில்லை. 2010இல் கேட்டோம், நின்றது. இனி எந்தப் பந்தயக் கம்பெனியோடு பேசினாலும், உள்ளூரோ வெளியூரோ, யார் முதலாளி, என்ன நிபந்தனை, அரசுக்கு எவ்வளவு, எல்லாம் நாடாளுமன்ற மேசைக்கு வரட்டும். பால் வெட்டிய மனிதர் ஒரு வெள்ளிக்குக் கணக்குக் காட்டினார். அமைச்சர் காட்டட்டும்!

இதைக் கேட்கும் மனு பின்னால் மேசையில் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணை மறக்காமல் எழுதுங்கள். கிள்ளான்காரர்கள் முதலில் போடுங்கள், நீங்கள்தான் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும்.