படிக்கட்டின் முறை: ஸ்காட்லாந்து, இங்கிலாந்து அன்றாட வாழ்வின் வேறுபாடுகள்

ஸ்காட்லாந்துக்காரருக்கும் இங்கிலாந்துக்காரருக்கும் அன்றாட வாழ்வில் உள்ள வேறுபாடுகளுக்குக் காரணம் குணமா, சட்டமா என்பது பழைய வழக்கு. முன்னவர் சிக்கனக்காரர், மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுபவர். பின்னவர் ஒதுங்கி நிற்பவர், மன்னிப்புக் கேட்டபடியே வாய் திறப்பவர் என்று இன இயல்பிலிருந்து தொடங்கும் விளக்கம் பலரிடம் இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. அது தவறு. 1707இல் இரு நாடாளுமன்றங்களும் ஒன்றானபோது ஸ்காட்லாந்தின் நீதிமுறையும் திருச்சபையும் தனித்தே நின்றன. கல்வியும் தன் வழியே சென்றது. வேறுபாடுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கிளாஸ்கோவின் பழைய குடியிருப்புகள் மணற்கல்லால் எழுந்த மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள். தெருவாசல் ஒன்றுதான், உள்ளே எல்லா வீட்டாருக்கும் பொதுவான கல் படிக்கட்டு. வாசலிலிருந்து படிவரை செல்லும் நடையை அவ்வூரார் ‘குளோஸ்’ என்பர். அதன் சுவரில் பளபளக்கும் ஓடு பதித்திருந்தால் ‘வாலி குளோஸ்’. அங்கே குடியிருப்பதே ஒரு மதிப்பு. இந்தப் படிகளைக் கழுவுவதற்கு முறை உண்டு. ‘இந்த வாரம் உங்கள் முறை’ என்று அறிவிக்கும் சிறு அட்டை ஒன்று வீட்டுக் கதவின் கைப்பிடியில் தொங்கும். அவ்வீட்டார் தம் தளத்துப் படிகளைக் கழுவித் துடைத்துவிட்டு, அட்டையை எதிர்வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிடுவர். யாரும் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. அட்டை இடம் மாறினால் வேலை முடிந்தது என்று பொருள். மாறாமல் தொங்கினால் அது மாடி முழுவதற்கும் தெரிந்துவிடும்.

இதைத் தூய்மைப் பற்று என்றும் அண்டைவீட்டுப் பாசம் என்றும் சொல்லி நிறுத்துவோர் வீட்டுப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஸ்காட்லாந்தில் மாடி வீட்டை விலைக்கு வாங்கியவர் அதற்கு முழு உரிமையாளர். வீடுகளுக்கு 20 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பொது இடத்தைத் துப்புரவாக வைத்திருப்பது குடியிருப்போர் கடமை என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. பத்திரம் வேறுவகையாகச் சொல்லாதவிடத்துக் கூரையைப் பழுதுபார்க்கும் செலவில் தரைத்தள வீட்டாருக்கும் பங்குண்டு என்றது 2004ஆம் ஆண்டுச் சட்டம். இங்கிலாந்தில் அதே மாடி வீடு பெரும்பாலும் 99 அல்லது 125 ஆண்டு போன்ற நெடுங்குத்தகையில்தான் கைமாறி வந்திருக்கிறது. நிலம் வேறொருவருடையது. அவர் அமர்த்தும் முகவர் ஆள் வைத்துப் படியைப் பெருக்குவார். குடியிருப்போர் பராமரிப்புக் கட்டணம் கட்டுவர். ஆகவே ஒரு நாட்டில் எதிர்வீட்டாரோடு பேசாமல் கூரை ஒழுகுவதை நிறுத்த முடியாது. மற்றதில் முகவருக்குக் கடிதம் எழுதினால் போதும். கலகலப்பு என்றும் ஒதுக்கம் என்றும் குணக்கணக்கில் எழுதப்படுவதில் பெரும்பகுதி இதுதான். இன்று பல குளோஸ்களில் கூலிக்கு ஆள் வந்து கழுவுவது உண்மையே. ஆனால் அந்த ஆளை அமர்த்துவதும் வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி எடுக்கும் முடிவுதான்.

பண்டிகைகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும். 1560இல் சீர்திருத்தம் கண்ட ஸ்காட்லாந்துத் திருச்சபை கிறிஸ்துமஸை ஏற்கவில்லை. 1640இல் நாடாளுமன்றம் அக்கால விடுமுறையையே நீக்கியது. 1950கள் வரையிலும் அங்கே தொழிலாளர் பலருக்கு டிசம்பர் 25 வேலைநாள். கொண்டாட்டம் முழுவதும் ‘ஹோக்மனே’ எனும் ஆண்டிறுதி இரவுக்குப் போயிற்று. நள்ளிரவுக்குப் பின் முதலில் வாசற்படி மிதிப்பவர் கருமுடி ஆணாக இருந்து, கையில் நிலக்கரித் துண்டும் விஸ்கியும் கொண்டுவந்தால் வீட்டுக்கு நல்லது என்பது நம்பிக்கை. புத்தாண்டு நாள் ஸ்காட்லாந்தில் 1871 முதல் வங்கி விடுமுறை. இங்கிலாந்துக்கு அது கிடைத்தது 1974இல்.

கல்வி தன் வழியே சென்றதன் தடம் இன்றும் தெரிகிறது. பள்ளியின் கோடை விடுமுறை வடக்கே ஜூன் இறுதியில் தொடங்குகிறது. தெற்கே ஜூலை பிற்பகுதியில். பட்டப்படிப்பு ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு, இங்கிலாந்தில் மூன்று. பேச்சிலும் வேறுபாடு உண்டு. கடைச் சாமான் வாங்கப் போவதை ஸ்காட்லாந்தில் ‘மெசேஜஸ்’ வாங்கப் போவது என்பர். ‘எங்கே தங்குகிறீர்கள்’ என்ற கேள்விக்கு ‘எங்கே குடியிருக்கிறீர்கள்’ என்று பொருள். சொல் வழக்குகளைத் தனியே ஆராய வேண்டும்.

ஆராய வேண்டியவை இன்னும் சில. ட்வீட் ஆற்றங்கரையிலுள்ள பெரிக் ஊர் 1482 முதல் இங்கிலாந்தின் கையில் இருக்கிறது. அதன் கால்பந்துக் கழகமோ ஸ்காட்லாந்துப் போட்டிகளில் ஆடுகிறது. இத்தகைய எல்லையோர ஊர்களின் வீட்டுப் பத்திரங்களை இருபுறமும் ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்பி. 1930களில் எஃகு ஆலை வேலைக்காகக் கிளைட் ஆற்றங்கரையிலிருந்து ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் திரளாக வந்து குடியேறிய இங்கிலாந்து நகரம் அது. குணம் அவர்களுடையது, சட்டம் இங்கிலாந்தினுடையது. அங்கே பொதுப் படியை யார் கழுவினார் என்று, அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இருக்கும்போதே இளம் ஆய்வாளர் எவரேனும் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும்.