பெயரும் ஓர் அமானிதமே!

 

உங்கள் கடையின் பெயர்ப் பலகையை ஒருவன் இரவோடு இரவாகக் கழற்றிச் சென்றால் சும்மா இருப்பீர்களா? இணையத்திலும் உங்கள் கடைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதற்குக் காவல் யார்? அந்தக் காவலரைக் கேள்வி கேட்பது யார்?

உலகம் முழுவதற்குமான இணையப் பெயர்களின் மூலப் பட்டியலை ஒருங்கிணைப்பது ஐகான் என்ற அமைப்பு. 1998ல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. அமெரிக்க வணிகத்துறையின் ஒப்பந்தத்தின் கீழ் இந்த வேலையைச் செய்து வந்தது. உலகத்துக்கே பொதுவான பட்டியலுக்கு ஒரே ஓர் அரசு மேற்பார்வையாளரா என்ற கேள்வி பல நாடுகளிலிருந்து எழுந்தது. 2016 செப்டம்பர் 30ல் அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. இன்று அரசுகள் ஐகானுக்கு ஆலோசனை கூறலாம், கட்டளையிட முடியாது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா?

2012ல் ஐகான் புதிய பெயர்களுக்கு விண்ணப்பம் பெற்றது. ஒரு பெயருக்குக் கட்டணம் 1,85,000 டாலர். துருக்கியைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம் 'டாட் இஸ்லாம்', 'டாட் ஹலால்' இரண்டையும் கேட்டது. ஐக்கிய அரபு அமீரகம் ஆட்சேபித்தது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் எதிர்த்தது. உம்மத்துக்கே உரிய பெயரைத் தனியார் ஒருவரிடம் ஒப்படைப்பதா? நியாயமான கேள்விதான்.

ஐகான் என்ன செய்தது? தருவோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. 2014ல் விண்ணப்பங்களை அப்படியே நிறுத்தி வைத்தது. நிறுவனம் முறையிட்டது. அப்படி நிறுத்தி வைத்தது வெளிப்படையான நடைமுறைக்கு முரணானது என்று 2017 நவம்பரில் சுயேச்சையான மறுஆய்வுக் குழு கூறியது. அதன் பிறகே, 2018 அக்டோபரில், இரு விண்ணப்பங்களையும் ஐகான் வெளிப்படையாக நிராகரித்தது.

சகோதரர்களே! முடிவு நமக்குச் சாதகமானது என்று மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். முடிவு சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பது யாருக்குச் செய்தாலும் அநீதி. இன்று அவருக்கு, நாளை நமக்கு. நம் மார்க்கம் சொல்லும் நீதி, நாம் எதிர்ப்பவருக்கும் சேர்த்துத்தான்.

ஐகானைக் கணக்குக் கேட்கும் நாம், நம் வீட்டையும் பார்ப்போம். உங்கள் கடையின் இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? உங்கள் பெயரிலா, வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரிலா? ஜமாஅத்தின் பெயர் ஜமாஅத்திடம் இருக்கிறதா, முன்னாள் நிர்வாகி ஒருவரின் கைப்பேசியில் இருக்கிறதா? புதுப்பிக்கும் தேதி யாருக்குத் தெரியும்?

இன்றே கேளுங்கள். பதிவேட்டில் எழுதி வையுங்கள். அமானிதத்திற்குக் கேள்வி கணக்கு உண்டு. இங்கேயும் உண்டு, மறுமையிலும் உண்டு.