பின்னால் இருப்பவரே பெருமைக்குரியவர்!

நடுவர் அவர்களே! "மேடையில் முன்னால் நிற்பவருக்கே பெருமை" என்று எதிரணி அம்மா முழங்கிவிட்டுப் போனார்கள். அம்மா, நீங்க முழங்கினது எங்களுக்குக் கேட்டதே, பின்னால ஒருத்தர் மைக்கைச் சரிபண்ணிக்கிட்டு இருந்ததாலதான்! (சிரிப்பு, கைதட்டல்)

கனடா நாட்டிலே தண்டர் பே என்று ஓர் ஊர். 1949-இல் பிறந்து, அங்கே வளர்ந்தவர் பால் ஷாஃபர். வழக்கறிஞர் மகன். டொராண்டோவில் சமூகவியல் பட்டம் வாங்கினார். 1972-இல் அங்கே 'காட்ஸ்பெல்' இசை நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். பாட வந்தவர்களுக்குப் பியானோ வாசிக்கத்தான் இவர் போனார். இசையமைப்பாளர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் கேட்டார். இவரையே இசைக்குழுத் தலைவராக்கிவிட்டார். துணைக்குப் போனவர் மாப்பிள்ளை ஆன கதை! (சிரிப்பு)

1982-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சி தொடங்கியது. நாலே பேர் கொண்ட இசைக்குழு, தலைவர் ஷாஃபர். விருந்தினர் நடந்து வந்து நாற்காலியில் உட்காரும் சில வினாடிக்குள், அவருக்குப் பொருத்தமான மெட்டை வாசிக்கணும். விளம்பரம் வந்தா வீட்டிலே இருக்கிறவங்க காப்பி போடப் போயிடுவாங்க. அரங்கத்திலே இருக்கிறவங்களைச் சோர்ந்துபோகாமக் காப்பாத்தினது யாரு? இந்தக் குழுதான்!

அதே ஆண்டு வந்த பாட்டு 'இட்ஸ் ரெய்னிங் மென்'. பால் ஜபாராவும் ஷாஃபரும் சேர்ந்து எழுதியது. ஆம்பளை மழை பெய்யுதாம்! எங்க ஊர்லே தண்ணி மழைக்கே வழியில்லை! (பலத்த சிரிப்பு) டோனா சம்மர் பாட மறுத்த பாட்டு; வெதர் கேர்ள்ஸ் பாடினார்கள், ஊரே ஆடியது. 2001-இல் ஜெரி ஹாலிவெல் மறுபடி பாடி, பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். ஆடியவர்களில் எத்தனை பேருக்கு எழுதியவர் பெயர் தெரியும்?

1993-இல் லெட்டர்மேன் சி.பி.எஸ்.ஸுக்கு மாறினார். 'உலகின் மிக ஆபத்தான இசைக்குழு' என்ற பெயர் எங்கள் உடைமை என்றது பழைய நிறுவனம். பெயரை விட்டுவிட்டு, 'சி.பி.எஸ். ஆர்கெஸ்ட்ரா' என்று வாசித்தார்கள். பெயரைப் பிடுங்கலாம், விரலில் உள்ள வித்தையைப் பிடுங்க முடியுமா? (கைதட்டல்) 2015 மே 20, கடைசி நிகழ்ச்சி வரை 33 ஆண்டுகள் அந்தத் துணை நீடித்தது.

இன்னொன்று பாருங்கள். லெட்டர்மேன் அடிக்கடி திரும்பி, "பால்" என்று பெயர் சொல்லி அழைத்துப் பேசுவார். முன்னால் நிற்பவருக்கே அந்தத் துணையின் அருமை தெரிந்திருந்தது. நம்ம வீட்டிலே? பிள்ளைக்கு மெடல், அப்பாவுக்கு மாலை. விடியற்காலை எழுந்து சோறு கட்டிக் கொடுத்தவளைத் திரும்பிப் பார்த்து ஒருநாள் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கோமா?

நடுவர் அவர்களே, முன்னால் நிற்பவரைக் குறை சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கத் தெரிந்தால்தான் அவருக்கும் பெருமை என்று சொல்லி அமைகிறேன். (கைதட்டல்)