பால்மரமும் ஒரு கலைச்சொல்லும்

ஓர் அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்கள் தம்முள் கலப்பதைத் தமிழகப் பாடநூல்கள் ‘இனக்கலப்பு’ என்கின்றன; இலங்கை நூல்கள் ‘கலப்பாக்கம்’ என்கின்றன. கலப்பவை ஓரணுவிற்கே உரியவையாதலின் பின்னதே பொருத்தமென்போம்.

பெரிய மூலக்கூற்றையும் இவ்வழியில் அணு அணுவாக விளக்கலாம். கிள்ளான் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பாலிலுள்ள இரப்பர், ஐசோபிரீன் அலகுகளின் நெடுஞ்சங்கிலி. ஓர் அலகின் ஐந்து கரிம அணுக்களில், இரட்டைப் பிணைப்பிலுள்ள இரண்டும் எஸ்பி2. ஏனைய மூன்றும் எஸ்பி3. இரட்டைப் பிணைப்பு சுழலாது; ஒற்றைப் பிணைப்புகள் சுழல்வதால் சுருண்ட சங்கிலி நீள்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டிற்குப் பின் அறிவியலைத் தமிழில் பயில்வதில்லை. பாட்டனார் சீவிய பாலை விளக்கும் சொற்களேனும் அவருக்குத் தமிழில் கிட்டுதல் வேண்டும். அதுவே நம் கடன்.