மலைநாட்டு வாசலுக்கு ஏற்ற மலர்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. முகிலற்ற தை மாத இரவுகளில் அங்கே புல்நுனியிலும் உறைபனி படிவதுண்டு. கீழ்நாட்டிலிருந்து ஆசையோடு கொண்டு சென்ற செவ்வரத்தை ஒரே இரவில் கருகிவிடக்கூடும்.

அவ்வாறாயின், லயத்தின் முன்னுள்ள சிறு வாசலில் எதனை நடுவது? சைப்பிரஸும் யூக்கலிப்டசும் குளிருக்கு அஞ்சாதவை. ஆயினும் நெடிதுயர்ந்து, கிடைக்கும் சொற்ப வெயிலையும் மறைத்துவிடும். ஈரத் துணி உலர வேண்டிய வாசலன்றோ அது! மலைக்கே உரிய மகாரத்மல் செக்கச்செவேலெனப் பூக்கும். ஆனால் வளர்ச்சியில் மிக மந்தம். மஞ்சட் பூவுக்காக ஐரோப்பியர் கொணர்ந்த கோர்ஸ் என்னும் முட்செடியோ, ஹோட்டன் சமவெளியிற் பரவிப் பெருந்தொல்லையாயிற்று. அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

சிறு வாசலுக்கு உகந்தது ஐதரேஞ்சியாவே. 1861ஆம் ஆண்டு சிங்கோனா பயிரிடத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தோட்டத்திற்குச் செல்வோர் இதனைக் கண்டிருப்பர். தேயிலை விரும்பும் புளிப்பு மண்ணையே இதுவும் விரும்புகிறது. அம்மண்ணிற் கரையும் அலுமினியம் மலருக்கு நீலம் ஊட்டுகிறது. சுண்ணாம்பு சேர்த்தால் அதே செடி இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். காசும் வேண்டியதில்லை, அயலாரிடம் பூவற்ற கிளையொன்று பெற்று, ஈரமணலில் ஊன்றினாற் போதும். இலை நஞ்சுடையது, ஆடு மாடு எட்டாத இடமாக இருத்தல் வேண்டும்.

பனி பள்ளத்திலேதான் தேங்கும். ஆகவே, சுவரோரத்து மேட்டில், வைகாசி மழையோடு நட்டால், தை பிறக்குமுன் தண்டு முற்றிவிடும்.