வழிப்போக்கர் தம்மைச் சொல்லும் முறை



"பயணம்னா உயிர். இயற்கையை ரசிப்பேன், பண்பாடுகளைத் தெரிந்துகொள்ள ஆசை, எல்லாரிடமும் கலகலப்பாகப் பழகுவேன்." ஊர் சுற்றுகிறவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலும் இதுதான் வருகிறது. பொய்யில்லை. ஆனால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை. இயற்கை பிடிக்காது என்று யார்தான் சொல்லப்போகிறார்கள்? நம் ஊர்த் திண்ணைகளில் கேட்பது வேறு: எந்த ஊரு, யார் வீட்டுக்கு, என்ன காரியமா வந்தீங்க? இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வது ஒரு கலை. அந்தக் கலையை மலைபடுகடாம் அளவுக்கு விரிவாகக் கற்றுத்தரும் தமிழ் நூலை நான் படித்ததில்லை.

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு அது, 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். புரவலன் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வழியில் வாடி வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு நன்னனின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்கிறான். அந்த ஊர் செங்கண்மா. திருவண்ணாமலைப் பக்கத்துச் செங்கம்தான் அது என்பார்கள்.

மலைச் சிற்றூர் ஒன்றில் இவர்கள் நுழைய வேண்டும். என்ன சொல்லி நுழைவது? நாங்கள் நன்னனின் கூத்தர் என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்கிறான். அப்புறம் வாசலில் நிற்கவே வேண்டாம், சொந்த வீடு மாதிரி உள்ளே போகலாம். வீட்டார் உறவுக்காரரைப் போல இனிக்கப் பேசி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் போடுவார்கள். என்ன தொழில், யாரைப் பார்க்கப் போகிறோம்: அறிமுகம் அவ்வளவுதான். விருப்பு வெறுப்புப் பட்டியல் கிடையாது.

எனக்கு இன்னும் பிடித்தது, பேச ஆளே இல்லாத இடத்தில் செய்யச் சொல்லும் அறிமுகம். மலையில் வழி தவறினால் பாறைமேல் ஏறி வாத்தியங்களை வாசியுங்கள் என்கிறான். காடு காக்கும் கானவர் ஓசை கேட்டு, யாரோ வழி தப்பிவிட்டார்கள் என்று விரைந்து வருவார்கள்; தின்னப் பழமும் சூடப் பூவும் காட்டி, கூடவே நடந்து வழிகாட்டுவார்கள். தொழிலே அங்கே பெயர்ச்சீட்டு.

இயற்கை ரசனைக்கும் அவனிடம் ஒரு கண்டிப்பு உண்டு. மயில் ஆடினாலும், கழைக்கூத்துப் பிள்ளைகள் மாதிரி மூங்கிலில் கடுவன் குரங்கு தாவினாலும், செங்குத்து மலையில் தேர்ச்சக்கரம் போலத் தேனடை தொங்கினாலும் சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள், வரிசையாக நடக்கும் கால் தடம் மாறிவிடும் என்கிறான். செல்ஃபி எடுக்கப் பாறை விளிம்புக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அறிவிப்புப் பலகை இல்லை! ஆனால் மலையின் அழகை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவன்தான் இந்த எச்சரிக்கையைத் தருகிறான். இயற்கையை நேசிப்பவன் என்று தன்னைப் பற்றி அவன் ஓரிடத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை, நமக்கே தெரிந்துவிடுகிறது.

பின்னால் வருகிறவர்களையும் மறக்கவில்லை. வழிகள் பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த அறிமுகம் செல்லுபடியாவது நன்னனின் பெயரால். புரவலன் பெயர் இல்லாத வெறும் வழிப்போக்கனுக்கு அந்தக் கதவு அப்படித் திறந்திருக்குமா என்பதைப் பாட்டு பேசவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கூத்தனின் வாரிசாக நான் நினைப்பது கோட்டையூர் ஏ.கே. செட்டியாரை. காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாகப் போய்ப் படச்சுருள் சேகரித்து, 1940இல் அதை வெளியிட்டவர். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவருடைய நூலின் தலைப்பைப் பார்த்து, தற்பெருமையை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாந்துபோவோம். கண்ட ஊரும் சந்தித்த மனிதரும்தான் பக்கங்களில் நிற்பார்கள், தன்னை அவர் ஓரமாக நிறுத்திக்கொள்வார். தமிழ்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கியவரும் அவரே.

மலைபடுகடாத்தைப் படிக்க விரும்புகிறவர்கள் உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சிட்ட பத்துப்பாட்டின் வழிவந்த பதிப்புகளில் நச்சினார்க்கினியர் உரையோடு படிக்கலாம். உரை கடினமாக இருந்தால் பாட்டை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் பேருந்தில் சன்னலோர இருக்கை பிடித்துக்கொண்டு படியுங்கள். அங்கே மட்டும் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கலாம், தடம் மாறாமல் ஓட்டுவது ஓட்டுநர் பாடு.